ஊதுகிறவர் உட்காரட்டும்!

நாயனம் கேட்டு உருகினார்கள், நாயனக்காரரை ஒதுக்கினார்கள்! தோடியைத் தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். அந்தத் தோடியை ஊதியவருக்கு வாசல் திண்ணையைக் காட்டினார்கள்! இசை உள்ளே போகலாம், இசைத்தவர் வெளியே நிற்கவேண்டும். நெடுங்காலம் இந்த நாட்டிலே நடந்துவந்த நியாயம் இது. அந்த நியாயத்தின் மிச்ச சொச்சம் இன்னும் நம் பந்தல்களிலே படுத்துக் கிடக்கிறது. அதை எழுப்பி விரட்டத்தான் இந்தக் கட்டுரை.

திருவிடைமருதூர்த் தோழர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. அந்த ஊரின் வீதிகள் நாயனத்தைக் கேட்டு வளர்ந்த வீதிகள். புறப்பாட்டுக்கு மல்லாரி, பிறகு மூலைக்கு மூலை நின்று இராக ஆலாபனை, தவிலோசை விடியும்வரை! நடவு முடித்து வந்த உழவர், தறியைவிட்டு எழுந்து வந்த நெசவாளி, மாட்டை அவிழ்த்துக் கட்டிய வண்டிக்காரர், எல்லோரும் துண்டை விரித்து மண்ணிலே உட்கார்ந்து கேட்டார்கள். சீட்டு வாங்கவில்லை, சபாவிலே உறுப்பினராகவில்லை. ஆனாலும் எது காம்போதி, எது கரகரப்பிரியா என்று காதாலே அறிந்திருந்தார்கள். பாமரனுக்குச் சங்கீதம் தெரியாது என்று பட்டணத்து மண்டபங்களிலே பேசினார்களே, அந்தப் பேச்சைப் பொய்யாக்கியது இந்த நாலு வீதிதான்!

அந்த வீதிக்குள்ளேயும் வர உரிமையில்லாமல், சேரியின் வரப்பிலே நின்று, காற்று கொண்டுவந்து கொடுத்ததை மட்டும் கேட்டவர்களும் உண்டு. இசைக்குக்கூட எல்லை கட்டியது இந்தச் சமுதாயம். அதையும் மறந்துவிடக்கூடாது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பிடில் என்றொரு கருவி. கடல் கடந்து வந்தது. வெள்ளைக்காரன் தோளிலே வைத்து வாசித்தது. பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைக் கையிலெடுத்தார். அவருக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். நல்லது. நல்ல கருவி எங்கிருந்து வந்தாலும் வரவேற்பதுதான் அறிவுடையார் செயல். பிடில் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது. நேற்று வந்த பிடிலுக்குக் கச்சேரி மேடையிலே, பாயிலே, பாடகர் பக்கத்திலே இடம்! காவிரிக் கரையிலே வளர்ந்த நாயனத்துக்கு வீதி! புழுதி! தீவட்டிப் புகை! ஏன்? நாதத்திலே குறையா? ஞானத்திலே குறையா? இரண்டுமில்லை. ஊதியவரின் பிறப்பைப் பார்த்தார்கள். அந்தப் பிறப்புக்கு ஏற்ற இடம் தெரு என்று தீர்ப்பெழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பைக் கிழித்தெறிந்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம். 1898-ல் பிறந்தவர். பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டுப் பயின்றவர். குடுமி வைத்து, மேனி திறந்து, கைகட்டி நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்த காலத்திலே கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார். ஒத்து ஊதும் பழக்கத்தை மாற்றித் தம்பூரா சுருதியை வைத்துக்கொண்டார். பாடகருக்குச் சமமாக மேடையிலே உட்கார்ந்து வாசித்தார். திமிர் பிடித்தவர் என்று பேசினார்கள் பெரிய மனிதர்கள். ஆமாம், திமிர்தான்! குனிந்தே பழகிய கூட்டத்திலே ஒருவன் நிமிர்ந்தால், அதற்குப் பெயர் திமிர் என்றுதானே அகராதி எழுதி வைத்திருக்கிறார்கள்!

1947 ஆகஸ்டு 14. நாடு விடுதலை பெறும் முன்னிரவு. திருவாவடுதுறை ஆதீனத்துக் குழுவோடு டெல்லிக்குப் போனார் ராஜரத்தினம். அவருடைய நாயனம் தலைநகரிலே ஒலித்தது. 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலே செங்கோல் வைத்தபோது, அந்த 1947 இரவைப் பற்றி ஏடு ஏடாக எழுதினார்கள். கோலைப் பற்றி எழுதியவர்கள் குழலைப் பற்றி எத்தனை வரி எழுதினார்கள்?

சென்னை மியூசிக் அகாடமி 1956-ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் தந்தது. 1998-ல் ஷேக் சின்ன மௌலானாவுக்குத் தந்தது. நாயனத்துக்கே சக்கரவர்த்தி என்று நாடு கொண்டாடிய ராஜரத்தினத்துக்கு அது கிடைக்கவே இல்லை. 1956 டிசம்பர் 12-ல் அவர் கண்மூடினார். பட்டம் கிடைக்காததால் அவருக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. பட்டத்துக்குத்தான் அந்தப் பேறு கிடைக்காமல் போயிற்று!

ராஜரத்தினம் தன் தலையைத் தானே நிமிர்த்தினார். எல்லோராலும் அது முடியுமா? ஊர்ப் பெரியதனக்காரர் கண் சிவந்தால், மறுநாள் அடுப்பெரியாது என்ற நிலையிலே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குப் பக்கத்திலே நின்றது சுயமரியாதை இயக்கம். கானாடுகாத்தான் திருமணத்தை நம்முடைய மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மதுரை சிவக்கொழுந்து நாயனம் வாசிக்கிறார். வியர்வை துடைக்கத் தோளிலே துண்டு. "துண்டை எடு!" என்றது பணத்தின் குரல். "எடுக்காதே, வாசி!" என்றது பட்டுக்கோட்டை அழகிரியின் குரல். துண்டு தோளிலே இருந்தது, நாயனம் தொடர்ந்தது. ஒரு முழத் துணிக்கா இத்தனை சண்டை என்று சிரித்தவர்களும் உண்டு. துணி ஒரு முழம்தான், தோழர்களே! ஆனால் அது இறங்கியிருந்தால், ஓர் இனத்தின் தலையல்லவா அதோடு இறங்கியிருக்கும்!

இன்னொரு வரலாறும் உண்டு. 1924-ல் திருக்குவளையிலே பிறந்த ஒரு சிறுவனை நாயனம் பழக அனுப்பினார்கள். வித்தை கற்கப் போன இடத்திலே, மேலாடை அணியக்கூடாது, துண்டை இடுப்பிலே கட்டிக்கொள்ளவேண்டும் என்ற அடிமைச் சட்டத்தைக் கண்டான் அந்தச் சிறுவன். வேண்டாம் இந்த வித்தை என்று திரும்பினான். பின்னாளிலே ஐந்து முறை முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்த கலைஞர் கருணாநிதிதான் அந்தச் சிறுவன். கதையைக் கேட்டுக் கைதட்டுகிறோம். கொஞ்சம் நிறுத்திச் சிந்திக்கவேண்டாமா? சாதி ஒரு நல்ல மாணவனைக் கலையிடமிருந்து விரட்டியது. விரட்டப்பட்ட ஒருவர் கோட்டைக்குப் போனார். விரட்டப்பட்ட மற்றவர்கள் எங்கே போனார்கள்? ஆலை வாசலுக்கும், கடைக் கல்லாவுக்கும், கப்பலேறிக் கூலிக்கும் போனார்கள். நாயனக்காரர் மகன் நாயனம் கற்கவில்லையே என்று இன்று அங்கலாய்க்கிறோம். கற்கவிடாமல் அடித்தது எது என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறோம்!

நம் நாட்டில் மட்டும்தான் இப்படியா? உலகத்தைப் பாருங்கள். அமெரிக்க நாட்டிலே பாஞ்சோ என்றொரு வாத்தியம். சுரைக் குடுக்கையின் மேல் தோலைப் போர்த்தி, நரம்பைக் கட்டி, மேற்கு ஆப்பிரிக்க மக்கள் மீட்டிய கருவிகளின் வழியிலே வந்தது. சங்கிலியிலே பிணைத்துக் கப்பலிலே ஏற்றிய அடிமைகள் பொன்னையா கொண்டுபோனார்கள், பொருளையா கொண்டுபோனார்கள்? நினைவிலே அந்தக் கருவியைக் கொண்டுபோனார்கள். பகலெல்லாம் தோட்டத்திலே பாடுபட்டு, இரவிலே எசமானர் வீட்டு ஆட்டத்துக்குப் பிடிலும் பாஞ்சோவும் வாசித்தார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் முகத்திலே கரியைப் பூசிக்கொண்டு, அதே பாஞ்சோவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மக்களையே கேலி செய்து காசு பார்த்தார்கள். கருவி போயிற்று, பெயரும் போயிற்று. பாஞ்சோ வெள்ளையரின் வாத்தியம் என்று உலகமே நம்பும்படி ஆயிற்று.

மீட்டது யார்? வட கரோலினா மாநிலத்திலே ஜோ தாம்சன் என்ற கறுப்பினப் பிடில் கிழவர் இருந்தார். 2005-ல் மூன்று கறுப்பின இளைஞர்கள் அவர் வீட்டுக்குப் போய், காலடியிலே உட்கார்ந்து, பழைய மெட்டுகளைக் கற்றார்கள். கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று குழு கண்டார்கள். 2011-ல் கிராமி விருது அவர்களைத் தேடி வந்தது. 93 வயதிலே, 2012-ல், அந்தக் கிழவர் மறைந்தார், வித்தை மறையவில்லை. சட்டம் போட்டு அந்த இசையைக் காப்பாற்றவில்லை. சிலை வைத்துக் காப்பாற்றவில்லை. உயிரோடிருந்த கிழவரைத் தேடிப்போய்க் காப்பாற்றினார்கள்!

நம்முடைய கிழவர்கள் எங்கே? அதிக தூரம் போகவேண்டாம். திருவிடைமருதூரிலே ரயிலேறி மயிலாடுதுறைப் பக்கம் போங்கள். ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. சிற்றூர்தான். ஆனால் நாயனம் பிறக்கும் ஊர். ஆச்சா மரத்திலே உலவு கடைகிறார்கள். பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளிலே உத்தரமாகவும் தூணாகவும் பல்லாண்டு இருந்து, ஈரமெல்லாம் வற்றி, இறுகிப்போன மரம் வேண்டும். வாகை மரத்திலே அணசு. உலவிலே பன்னிரண்டு துளைகள். விரல் ஆடுவது ஏழிலே. ஒரு துளை ஒரு நூலிழை விலகினாலும் சுரம் பிசகும். அளவுகோல் இருக்கிறது, அதைவிட அதிகமாக அந்த ஆசாரியின் காதிலே கணக்கு இருக்கிறது. ராஜரத்தினத்துக்காக நீண்ட பாரி நாயனத்தைப் பக்குவப்படுத்திக் கொடுத்தவர் இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. கூர்மையான குரலெடுத்துக் கத்தும் திமிரி நாயனம் போய், கனமும் குழைவும் கூடிய குரல் வந்தது. மேடையிலே உட்கார்ந்தவர் ராஜரத்தினம். அந்த மேடைக்குக் கருவி கொடுத்தது ஒரு தொழிலாளியின் கை!

அடுத்தது சீவாளி. ஆற்றங்கரையிலே விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, அவித்து, அமுக்கி, நூல் சுற்றிச் செய்வது. சின்னஞ்சிறு பொருள். அது இல்லாவிட்டால் எட்டூர் கேட்கும் நாயனம் வெறும் கட்டை. தவிலைப் பாருங்கள்: பலா மரத்தைக் குடைந்தவர் ஒருவர், தோலைப் பதமிட்டவர் ஒருவர், வார் பிடித்தவர் ஒருவர். வலக்கை விரல்களிலே கூடு, இடக்கையிலே கழி. மணிக்கணக்கிலே தோளில் சுமந்து அடிக்கிறவர் ஒருவர். ஒரு கச்சேரிக்குப் பின்னாலே எத்தனை உழைப்பாளிகள் என்று கணக்கெடுங்கள்! மரத்தச்சர் இருக்கிறார், தோல் தொழிலாளி இருக்கிறார், ஆற்றங்கரையிலே தட்டை அறுத்தவர் இருக்கிறார். இதைத்தான் தெய்வீகக் கலை என்று மேகத்திலே கொண்டுபோய் வைத்தார்கள். மண்ணிலே விளைந்த கலை, தோழர்களே! வியர்வையிலே விளைந்த கலை!

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் குறியீடு அடுப்பிலே வேகுமா? கடைசல் பட்டறையிலே உட்காரும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. பழைய வீடு இடித்தால்தான் ஆச்சா மரம். அதற்கும் போட்டி, விலையும் ஏற்றம். வாங்குகிற கலைஞருக்கோ ஆடியிலே திருமணமில்லை, புரட்டாசியிலே இல்லை, மார்கழியிலே இல்லை. முகூர்த்த நாட்களிலே கிடைத்ததை வைத்துக்கொண்டு வெறும் நாட்களைக் கடத்தவேண்டும். 2020-ல் நோய்த்தொற்று வந்து கோயில் கதவும் மண்டபக் கதவும் மூடியபோது, சித்திரை வைகாசி முகூர்த்தமெல்லாம் போயிற்று. அப்போது எத்தனை வீட்டிலே நாயனம் அடகுக்கடைக்குப் போனதோ, அதை அந்தந்த வீட்டு அடுப்புதான் சொல்லவேண்டும்.

கோயிலிலாவது ஆதரவா? பல கோயில்களிலே மின்சார மேளம் வந்துவிட்டது! பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தானே அடித்துக்கொள்ளும். பரம்பரை என்றும் ஆகமம் என்றும் மணிக்கணக்கிலே பேசுகிறவர்கள், மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டிய இடத்திலே மோட்டாரை மாட்டும்போது மட்டும் ஆகமத்தை மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். இதுதான் பக்தியா? இதுதான் பண்பாடா?

திருமண மண்டபத்திலே பாருங்கள். வாசலிலே செண்டை, உள்ளே ஒலிபெருக்கி. செண்டை அடிக்க வருகிற மலையாளத் தோழரும் உழைப்பாளிதான். அவர்மீது நமக்குச் சினமில்லை, அவருக்கும் நல்ல கூலி கிடைக்கட்டும். நம் சினம் நம்மவர்மீது. விளக்கலங்காரத்துக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கிறார்கள். படம் பிடிப்பவருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கிறார்கள். நாயனக்காரரிடம் வந்தவுடன், "கொஞ்சம் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பேரம்! கெட்டிமேளத்துக்கு மட்டும் விரலை ஆட்டி அழைப்பு. மற்ற நேரமெல்லாம் மூலையிலே நாற்காலி. பந்தி முடிந்த பிறகு இலை!

"நாயனம் கோயில் வாத்தியமாயிற்றே, பகுத்தறிவு பேசும் உங்களுக்கு அதிலே என்ன அக்கறை?" என்று கேட்கும் குறும்பர்கள் உண்டு. பதில் சொல்வோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லைச் சுமந்தவன் தொழிலாளி. அந்தக் கட்டடக் கலையை நாம் நம்முடையது என்கிறோமா, இல்லையா? அதுபோலத்தான் இது. மூச்சு மனிதனுடையது. விரல் மனிதனுடையது. இருபது ஆண்டு பயிற்சி மனிதனுடையது. கோயில் அதற்கு ஓர் அரங்காக இருந்தது, உரிமையாளராக இருந்ததில்லை. மதத்தைக் கேட்டா நாதம் பிறக்கிறது? ஆந்திரத்துக் கரவதியிலே பிறந்த இசுலாமியரான ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சை வழியைக் கற்றார், திருவரங்கத்திலே குடியேறினார், உலகம் சுற்றி வாசித்தார். அந்த நாயனத்தைக் கேட்டவர்கள் தொழுகையைக் கேட்டார்களா, பூசையைக் கேட்டார்களா? தமிழிசையைக் கேட்டார்கள்!

"மங்கல வாத்தியம்" என்று ஒரு மகுடம் சூட்டியிருக்கிறார்களே, அந்த மகுடத்திலே ஒளிந்திருக்கும் முள்ளையும் பாருங்கள். மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் என்றொரு பெண்மணி. ஆண்களே ஊதிய அரங்கத்திலே பெண்ணாக நின்று புகழ் நாட்டியவர். கணவர் இறந்தார். அன்றோடு அவருடைய மூச்சு குறைந்ததா? விரல் மறந்ததா? இல்லை. ஆனாலும் கைம்பெண் என்று காரணம் காட்டி, கோயிலும் சுபகாரியமும் அவருக்குக் கதவடைத்தன. வறுமையிலே வாடி 2012-ல் மறைந்தார். மங்கலம் என்ற சொல் ஒரு மாபெரும் கலைஞரின் வாயை மூடியது! பெண்ணின் நெற்றியைப் பார்த்து நாதத்துக்கு விலை போடும் ஊரிலே கலை எப்படி வளரும்?

நாயனத்துக்கு மரியாதை கேட்கும்போது நமக்குள்ளேயும் கணக்கைச் சரிபார்க்கவேண்டும். பெரிய மேளத்துக்குப் பந்தலிலே இடம், பறைக்குச் சுடுகாட்டு வழியிலே இடம் என்றால், நாமும் அதே படிக்கட்டிலே ஒரு படி மேலே நின்று பேசுகிறவர்களாகிவிடுவோம். ஒரு குடும்பத்திலே பிறந்தவர்தான் ஊதலாம், இன்னொரு குடும்பத்துப் பிள்ளை தொடக்கூடாது என்ற எண்ணமும் ஒழியவேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலே நாயனமும் தவிலும் கற்றுத் தருகிறார்கள். அங்கே சாதி கேட்கமாட்டார்கள். நம் தோழர்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் போகிறார்கள்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?

பேசியது போதும்; செய்யவேண்டியதைச் சொல்கிறோம்.

முதலாவது, நம் வீட்டுத் திருமணம். புரோகிதரை நீக்கினோம், நல்லது. நாயனத்தை நீக்கவேண்டியதில்லை. உள்ளூர்க் குழுவை அழையுங்கள். பேரம் பேசாமல் முழுக் கூலி கொடுங்கள், முன்பணம் கொடுங்கள். மணமக்களுக்கு எதிரே மேடை போட்டு உட்காரவையுங்கள். முதல் பந்தியிலே, சம்பந்தி பக்கத்திலே இலை போடுங்கள்.

இரண்டாவது, நம் பொதுக்கூட்டம். தலைவர் வரும்வரை ஒலிபெருக்கியிலே தட்டு ஓடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தை நாயனத்துக்குக் கொடுங்கள். பேச்சாளர் பெயரைப் போடும் அதே துண்டறிக்கையிலே, அதே அளவு எழுத்திலே, அவர்கள் பெயரையும் அச்சிடுங்கள்.

மூன்றாவது, அரசிடம் கேட்கவேண்டியது. நம் அரசாக இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும், உரிமையோடு கேட்கவேண்டும். மின்சார மேளத்தை இறக்கிவிட்டு, வருமானமுள்ள ஒவ்வொரு கோயிலிலும் மாதச் சம்பளத்திலே கலைஞர்களை அமர்த்தட்டும். வேலையில்லாத மாதங்களுக்கு உதவித் தொகை வேண்டும். ஆச்சா மரக் கன்றுகளை இன்றே நடட்டும். நாளை கடைவதற்கு மரம் வேண்டாமா? அரசுக் கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் பழைய ஆச்சா உத்தரங்களை ஏலக்காரர் கொண்டுபோகாமல் நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கு நியாய விலையிலே கொடுக்கட்டும்.

நான்காவது, கலைஞர்களே, உங்களுக்கு! திருவிடைமருதூருக்குப் பக்கத்திலேதான் திருபுவனம். அங்கே பட்டு நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டு, தங்கள் சேலைக்குத் தாங்களே கடை திறந்தார்கள். தறிக்கு முடிந்தது, தவிலுக்கு முடியாதா? ஊதுகிறவர், அடிக்கிறவர், கடைகிறவர், சீவாளி கட்டுகிறவர் எல்லோரும் ஒரு சங்கத்திலே சேருங்கள். குறைந்த கூலி இவ்வளவு என்று ஊர் ஊராக ஒரே விலை சொல்லுங்கள். ஒருவர் விலையை உடைத்தால் இன்னொருவர் இலை உடையும் என்பதை உணருங்கள்.

ராஜரத்தினத்துக்கு மாலை போடுவது எளிது. அவர் கேட்டது மாலையல்ல, மேடை. அது தனக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கருவிக்கே கேட்டார். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. இந்தத் தை மாதம் நம் பகுதியிலே நடக்கப்போகும் ஒவ்வொரு திருமணத்திலும், நாற்காலி போடும் தோழர், முதல் நாற்காலியை நாயனக்காரருக்குப் போடட்டும்.

ஊதுகிறவர் உட்காரட்டும்! கேட்கிறவர்கள் வேண்டுமானால் எழுந்து நிற்போம்!